புல்லை மட்டும் நம்பிப் பன்றி வளர்க்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேய்ச்சலில் பன்றி வளர்ப்பது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. வெயிலும் மண்ணும் கண்டு வளர்ந்த பன்றியின் இறைச்சி நன்றாக இருக்கும், கொட்டில் நாற்றம் இல்லை, பன்றிக்கும் அதுதான் இயல்பான வாழ்க்கை என்கிறார்கள். இதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் கூடவே, "வேலி போட்டு உள்ளே விட்டால் போதும், தீவனச் செலவே கிடையாது" என்றும் சொல்கிறார்கள். அதை நம்பி இறங்குகிற குடும்பத்துக்கு ஆறு மாதம் கழித்து மிஞ்சுவது முதுகெலும்பு தெரியும் பன்றிகளும் புல் முளைக்காத நிலமும்தான். சிறு பண்ணையில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் என்ற முறையில், கணக்கோடு சில செய்திகளை எழுதுகிறோம்.

முதலில் வயிறு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நான்கு அறை. பன்றிக்கு நம்மைப் போல ஒரே அறை. நார்ச்சத்தைப் பெருங்குடலில் கொஞ்சம் புளிக்கவைத்துச் செரிக்கும், அவ்வளவே. இளம்புல்லில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். வளரும் குட்டி வயிறு முட்டத் தின்றாலும் சதை போடுவதற்கு வேண்டிய சத்து அதில் சேராது. நல்ல மேய்ச்சலால் வளரும் பன்றிக்கு மிச்சமாகும் தீவனம் பத்தில் ஒரு பங்கு; மிக நன்றாக அமைந்தால் ஐந்தில் ஒரு பங்கு. சினையாக இருக்கும் தாய்ப்பன்றியின் கதை வேறு. அதன் குடல் முதிர்ந்தது, தேவையும் குறைவு. பயறுவகைக் கொடிகள் கலந்த மேய்ச்சல் இருந்தால் அதன் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். புல்லின் லாபம் தாய்ப்பன்றியிடம்தான் தெரியும், குட்டியிடம் அல்ல.

பால் மறந்த எட்டு வாரக் குட்டி சுமார் 15 கிலோ இருக்கும். அதை 110 கிலோவுக்குக் கொண்டுவர 95 கிலோ எடை ஏற வேண்டும். ஒரு கிலோ ஏற 3.5 கிலோ தீவனம் என்று வைத்தால் ஒரு பன்றிக்கு ஏறக்குறைய 330 கிலோ. வெளியில் நடந்து திரிவதாலும் குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருப்பதாலும் இன்னும் கொஞ்சம் கூடும். 110 கிலோ பன்றியை அறுத்துச் சுத்தம் செய்தால் எலும்போடு சுமார் 79 கிலோ கிடைக்கும். குட்டி வாங்கும் முன் இந்த 330 கிலோ எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும்.

தீவனத்தில் மாவுச்சத்தைவிடப் புரதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 25 கிலோ எடை வரை 18 சதவீதம், அதற்குப் பிறகு 60 கிலோ வரை 16, கடைசிக் கட்டத்தில் 14 சதவீதம் புரதம் வேண்டும். நடுக்கட்டத்துக்கு ஒரு கலவை: மக்காச்சோளம் 62 கிலோ, சோயாப் புண்ணாக்கு 20, தவிடு 15, தாது உப்புக் கலவை இரண்டரை, சாதா உப்பு அரைக் கிலோ, மொத்தம் 100. வெறும் தானியத்தை எவ்வளவு கொட்டினாலும் பன்றி கொழுக்குமே தவிர சதை போடாது. தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போதாது. அது குறைகிற இடத்தில் மற்றப் புரதமெல்லாம் வீணாகிவிடும். சோயாவைப் பச்சையாகப் போடுவது இன்னொரு தவறு. அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வறுத்தால் அல்லது வேகவைத்தால்தான் போகும். பூசணம் பிடித்த தானியத்தைப் "பன்றிதானே" என்று கொடுக்காதீர்கள். சினைப்பருவம் வராத இளம் பெண் பன்றியின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கினால் முதலில் தீவன மூட்டையைத் திறந்து பாருங்கள். பூசண நஞ்சு ஒன்றுக்கு அந்தக் குணம் உண்டு.

தீவனத் தொட்டியில் பன்றி ஒன்றுக்கு 30 சென்டிமீட்டர் இடம் வேண்டும். குறைந்தால் வலுத்தது தின்னும், இளைத்தது பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஒன்று 100 கிலோவும் இன்னொன்று 60 கிலோவுமாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எடை பார்க்கத் தராசு தேவையில்லை. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பிறகு 69 ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 1.10, நீளம் 1.15 என்றால் எடை 96 கிலோ. தீவனம் தின்றுகொண்டிருக்கும்போது அளந்தால் அசையாமல் நிற்கும்.

அடுத்தது வேலி. கம்பி வலை மட்டும் போட்டால் மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். மின்வேலிதான் சரிப்படும். தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில் ஒரு கம்பி, 45 சென்டிமீட்டரில் இன்னொன்று. பெரிய பன்றிகளுக்கு அதற்கு மேல் மூன்றாவதாக ஒன்று. கம்பியில் 3,000 முதல் 4,000 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இந்த மின்சாரம் வேலிக்கென்றே செய்த கருவியிலிருந்துதான் வர வேண்டும். அது நொடிக்கு ஒரு முறை அளவில், கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்பாக அனுப்பும். சுள்ளென்று இருக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது உயிர்க்கொலை. பன்றியும் சாகும், இருட்டில் வரும் மனிதரும் சாவார். இதைத் தயவுசெய்து தனியாகவே அச்சிடுங்கள்.

வேலி வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் குறை எர்த்தில், அதாவது கருவியை மண்ணோடு இணைக்கும் கம்பியில், இருக்கும். ஒரே ஒரு குட்டைக் கம்பியைக் காய்ந்த மண்ணில் அடித்துவிட்டு, கருவி மோசம் என்பார்கள். மூன்று கம்பிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் ஆழம், மூன்று மீட்டர் இடைவெளி, ஈரம் தங்கும் இடம் இருந்தால்தான் அடி விழும். இன்னொரு தொல்லை: பன்றி கம்பியின் ஓரமாகவே மண்ணைக் கிளறிக் கீழ்க் கம்பியின் மேல் தள்ளும். மண் தொட்ட இடத்தில் மின்சாரம் இறங்கிவிடும். தினமும் ஒரு முறை வேலியைச் சுற்றி நடக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

வாங்கி வந்த குட்டியை நேரே மின்வேலிக்குள் விடக் கூடாது. பன்றி மூக்கால்தான் எதையும் முதலில் தொடும். ஈரமான அந்த மூக்கு நுனியில் அடி விழுந்ததும் பின்னால் போகும் என்று நினைக்கிறோம். பழகாத குட்டி முன்னால்தான் பாயும். கம்பியைத் தாண்டி வெளியே போய்விட்டால், "அடிபட்டால் வெளியே போகலாம்" என்பதே அது கற்ற பாடம். ஆகவே, பலகையோ கெட்டியான வலையோ அடித்த பட்டிக்குள், சுவரிலிருந்து அரை மீட்டர் உள்ளே தள்ளி மின்கம்பியைக் கட்டி, ஐந்து முதல் ஏழு நாள் வைத்திருங்கள். முன்னால் பாய வழி இல்லாததால் பின்வாங்கக் கற்றுக்கொள்ளும். நன்கு கற்ற பன்றி, கம்பியை எடுத்துவிட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டாது. நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து மேய்க்கையில், அடுத்த துண்டுக்கு மாற்றும்போது அதுவே சிக்கலாகும் என்பதால், பலகையில் ஒரு வாசல் வைத்து அதன் வழியாகவே எப்போதும் நடத்துங்கள்.

இனி நிலம். ஆறு வளரும் பன்றிகளுக்கு ஓர் ஏக்கர் என்று கொள்ளலாம். அதை எட்டுத் துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 500 சதுர மீட்டர். ஒரு துண்டில் ஒரு வாரம். திரும்ப அதே துண்டுக்கு வர ஏழு வாரம். ஆனால் நாள்காட்டியைவிட மண்ணைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு கிளறப்பட்டிருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். மேலே புல் தீர்ந்த பிறகுதான் வேரும் புழுவும் தேடி ஆழமாகத் தோண்டத் தொடங்கும். புரதம் குறைந்த தீவனம் போட்டாலும் அப்படித்தான். காலி செய்த துண்டைச் சமன்படுத்தி, அந்த ஈரத்திலேயே விதை தூவிவிடுங்கள். மழைக்காலத்தில் சொதசொதத்த நிலத்தில் பன்றியை விட்டால் மண் இறுகி, அடுத்த பருவத்துக்கும் தேறாது. அதற்கென மேட்டில் ஒரு சிறு இடத்தை ஒதுக்கி, ஒரு முழம் உயரத்துக்கு வைக்கோல் போட்டு அங்கே வைத்திருங்கள். கிளறாமல் இருக்க மூக்கில் வளையம் குத்தும் வழக்கமும் இருக்கிறது. மண்ணைக் கிளறுவதுதான் பன்றியின் வாழ்க்கை. அதைத் தடுத்துவிட்டு மேய்ச்சல் பன்றி என்று பெயர் வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. சீக்கிரம் மாற்றுவதே சரியான மருந்து.

ஏழு வார ஓய்வு புல்லுக்குப் போதும், குடற்புழுவுக்குப் போதாது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. பன்றியின் உருண்டைப்புழு ஒன்று நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். சாணத்தோடு மண்ணில் விழும் முட்டை, வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு வரும். நீங்கள் பன்றியைத் திரும்பக் கொண்டுவரும் நேரத்துக்குத்தான் அது தயாராகியிருக்கும். நிழலான ஈர மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சுட்டெரிக்கும் வெயிலும் மண்ணின் உலர்ச்சியும்தான் அதற்கு எதிரி. ஆகவே ஒரு தொகுதிக் குட்டிகள் முடிந்ததும் அடுத்த தொகுதியை அதே மண்ணில் இறக்காதீர்கள். உழுது பயிர் வைத்து, இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வருவதே நல்லது. உள்ளே போன புழு வளர்ந்து முட்டையிட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதனால் நிலத்தில் விடும் முன் ஒரு முறையும், ஐந்தாறு வாரம் கழித்து மறுமுறையும் மருந்து கொடுத்தால் முட்டை மண்ணில் விழுமுன் புழுவைப் பிடித்துவிடலாம். தாய்ப்பன்றிக்கு ஈனுவதற்கு இரண்டு வாரம் முன் கொடுத்து, ஈனும் இடத்துக்குக் கொண்டுபோகும் முன் மடியையும் வயிற்றையும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். குட்டி முதலில் வாய் வைப்பது அந்தக் காம்பில்தான். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்பது புட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

நாடாப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பழி முழுவதும் பன்றி மேல் விழுகிறது. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் புழுக்கட்டி இருந்தால், தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அதே புழுவின் கட்டி மூளையில் வந்து வலிப்பு வருவது அப்படி அல்ல. குடலில் நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருக்கும் முட்டை, கழுவாத கை வழியாகவோ காய்கறி, தண்ணீர் வழியாகவோ வயிற்றுக்குள் போவதால் வருவது. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் வரும். இந்த நோய் பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்றிக்கும் மனித மலத்தைத் தின்பதால்தான் தொற்றுகிறது. எனவே மேய்ச்சல் பண்ணையில் முதலில் கட்ட வேண்டியது கழிப்பறை. வேலை செய்கிற ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்த வேண்டும். கழிவுநீர் எந்தத் துண்டுக்கும் போகக் கூடாது. பன்றி வேலியைத் தாண்டி ஊர் சுற்றவும் கூடாது. வேலி பன்றியைக் காப்பதற்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் காப்பதற்குத்தான்.

செலவைக் குறைக்க ஓட்டல் எச்சிலைப் போடலாம் என்ற யோசனை உடனே வரும். அதில் இறைச்சித் துண்டு ஒன்று இருந்தாலும் ஆபத்து. 2001இல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வைத்த கோமாரி நோய், ஒரு பன்றிப் பண்ணையில் வேகவைக்காத எச்சிலைப் போட்டதிலிருந்தே கிளம்பியது என்று முடிவு செய்து, அந்த ஆண்டே அத்தீவனத்தை அங்கே தடை செய்தார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் இதே வழியில் வரும். 1921இல் கென்யாவிலிருந்து முதன்முதலாகப் பதிவான இந்த நோய் 2007இல் ஜார்ஜியாவுக்கும் 2018இல் சீனாவுக்கும் போனது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்தில்லை, பட்டி முழுதும் போய்விடும். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் உறைந்த இறைச்சியிலும் அதன் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எச்சில் தீவனம் அனுமதிக்கப்பட்ட இடமானாலும், கிளறிக்கொண்டே 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். ஒரு கொதி வந்ததும் இறக்குவது கொதிக்கவைத்ததாகாது. எங்களைக் கேட்டால், காய்கறிக் கழிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்போம். வெளிப் பண்ணைக்குப் போன செருப்போடு உங்கள் துண்டுக்குள் கால் வைக்காதீர்கள். புதிதாக வாங்கிய பன்றியை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்துச் சேருங்கள்.

வெயிலைப் பற்றி. பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிராது. 27 டிகிரி தாண்டினாலே வளர்ந்த பன்றி தீவனத்தைக் குறைக்கும். மூச்சு நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் ஓடினால் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். பன்றி ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் நிழலும், ஒரு சாண் ஆழச் சேற்றுக்குழியும் வேண்டும். சேறு அழுக்கு அல்ல. வெறும் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சேறு மெல்லக் காய்வதால் நெடுநேரம் குளிர்ச்சி தரும், பூச்சிக்கடியையும் வெயில் கொப்புளத்தையும் தடுக்கும். வெள்ளை இனமாக இருந்தால் காதின் பின்புறம் சிவந்து தோல் உரிகிறதா என்று தினமும் பாருங்கள். கறுப்பு, செந்நிற இனங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. குடிநீர் சேற்றுக்குழியிலிருந்து தள்ளி இருக்கட்டும். வளரும் பன்றிக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர், பாலூட்டும் தாய்க்கு 20 லிட்டருக்கு மேல். பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டராவது வர வேண்டும். கையில் கடிகாரத்தோடு பிடித்துப் பாருங்கள். ஒரு நாள் தண்ணீர் நின்றுபோனால் சாதாரணத் தீவனத்திலுள்ள உப்பே நஞ்சாகும். பன்றி வட்டமாகச் சுற்றும், நாய்போல் உட்காரும், வலிப்பு வரும். அப்போது தொட்டி நிறைய ஊற்றினால் மூளை வீங்கிச் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு சுற்றுக்குக் குட்டி வாங்கி வளர்ப்பதே நல்லது. ஈற்று பார்ப்பது தனி வேலை. சினைக்காலம் 114 நாள். ஈனும் முன் தாய் வாயில் வைக்கோலைக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து குழி பறித்துக் கூடு கட்டும். காம்பைப் பிழிந்தால் பால் வந்தால் ஒரு நாளுக்குள் ஈனும். அந்தக் குடிசையின் சுவரைச் சுற்றி, தரையிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரிலிருந்தும் அதே அளவு தள்ளி ஒரு கட்டை அடித்துவிடுங்கள். தாய் சுவரில் சாய்ந்தபடி சரியும்போது அடியில் சிக்கும் குட்டிக்கு அந்த இடைவெளிதான் உயிர். முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்துவிட்டதா என்று பாருங்கள். ஆண் குட்டிகளைக் காயடிப்பதாக இருந்தால் முதல் வாரத்திலேயே, வலி மருந்தோடு, மருத்துவரைக் கொண்டு செய்யுங்கள். செய்யாவிட்டால் ஐந்தாறு மாதத்துக்குள் அறுக்க வேண்டும். பருவம் வந்த கிடாவின் கொழுப்பில் ஏறும் வாடை சமைக்கும்போதுதான் தெரியும். அதற்குள் வாடிக்கையாளர் போயிருப்பார்.

அறுப்பு நாளுக்கு முன் 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். அறிமுகம் இல்லாத பன்றிகளை ஒரே வண்டியில் கலக்காதீர்கள், சண்டை போடும். அடித்து விரட்டி ஏற்றிய பன்றியின் தசை, சூடாக இருக்கும்போதே புளித்துப்போய், வெளிறித் தண்ணீர் விடும் இறைச்சியாகும். ஆறு மாதம் நல்லபடி வளர்த்ததை அரை மணி நேரத்தில் கெடுப்பது இதுதான். மயிர் நீக்க 60 முதல் 62 டிகிரித் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம். அதைவிடச் சூடானால் தோல் வெந்து மயிர் பிடித்துக்கொள்ளும். இறைச்சி ஒரு நாளுக்குள் 4 டிகிரிக்குக் குளிர வேண்டும்.

ஈரலை மட்டும் பார்க்காமல் எறிந்துவிடாதீர்கள். கழுவி வெளிச்சத்தில் பிடியுங்கள். பால் சிந்தினாற்போல் வெள்ளைத் திட்டுகள் இருந்தால், உருண்டைப்புழுவின் குஞ்சுகள் அதன் வழியாக ஊர்ந்து போயிருக்கின்றன. அந்தத் தழும்பு ஐந்தாறு வாரத்தில் ஆறி மறைந்துவிடக்கூடியது. அப்படியென்றால் கடைசி ஐந்தாறு வாரம் பன்றி நின்ற துண்டுகளில்தான் முட்டை இருக்கிறது. எந்தெந்தத் துண்டு என்று குறிப்பேட்டில் பார்த்து, அடுத்த குட்டிகளை அங்கே விடாதீர்கள்.

இப்படிக்கு,
சிறு பண்ணைப் பன்றி வளர்ப்போர் சிலர்